நாற்பத்தொன்றாம் நம்பர்

ஆள் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஆள் எடுப்பதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் கிடையாது. அது சுலபம். "திங்கக்கிழமை வந்து சேருங்க" என்று சொன்னால் முடிந்தது. எதிரில் இருப்பவர் உங்கள் பிள்ளைகுட்டிகள் வரை வாழ்த்திவிட்டுப் போவார். எடுக்காமல் இருப்பதுதான் வேலை. எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் சம்பளம் கொடுத்தது பெரும்பாலும் அதற்காகத்தான். அதிலும் முதல் ஒரு வருடம் அதைத் தப்பாகச் செய்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

ஐம்பதுகளில் திருச்சியில் ஒரு நூல் மில்லில் லேபர் ஆபீசராகச் சேர்ந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில். மில்லில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. நிரந்தர இடம் காலியானால், லீவு போட்டவர்களுக்குப் பதிலாக வந்து வேலை பார்க்கும் பதிலி ஆட்களில் மூத்தவருக்கு அது போகும். பதிலி இடம் காலியானால், ஏற்கெனவே வேலையில் இருப்பவரின் மகனுக்கோ தம்பிக்கோ போகும். நிர்வாகமும் யூனியனும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். ஆகவே வெளியிலிருந்து வேலை கேட்டு வருகிற எவருக்கும் பதில் ஒன்றே ஒன்று: முடியாது. அதைச் சொல்வதற்குத்தான் என்னை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் இது எனக்குப் புரிந்தது.

வாரத்துக்கு இரண்டு பேர், மூன்று பேர் வருவார்கள். முசிறி, லால்குடி, தொட்டியம் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். அனேகமாக எல்லாரும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்து பிரிந்து வேட்டி அகலத்துக்கு வந்துவிட்டது என்பார்கள். கையில் யாராவது பெரிய மனிதர் எழுதிக்கொடுத்த கடிதம் இருக்கும். முதல் வாரம் நான் சட்டப்படி "வேலை இல்லை" என்று சொன்னேன். அப்படிச் சொல்லப்பட்ட முதல் மனிதர், ஒரு பையனின் தகப்பனார், "சரிங்க" என்று சொல்லிவிட்டு என் அறையிலேயே உட்கார்ந்துகொண்டார். மாலை ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தார். நானும் எழுந்து சாப்பிடப் போகவில்லை.

வீட்டிலும் விடவில்லை. வேலை கேட்டு வருகிறவர்கள் எப்படியோ ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் என் மனைவி "இல்லை" என்ற வார்த்தையை வீட்டுக்குள் சொல்ல விடமாட்டாள். புளி தீர்ந்துபோனால்கூட "நிறைய இருக்கு, வாங்கிண்டு வாங்கோ" என்பாள். ஆகவே வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வாசலில் ஆள் நிற்கும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளேயிருந்து, "இப்போ இல்லேன்னு சொல்லாதேங்கோ" என்பாள். வந்தவர் இரண்டு காதாலும் அதைக் கேட்டுக்கொள்வார். கோயிலுக்குப் போனால் அங்கேயும் ஒருவர் வந்து நிற்பார். "பெருமாள் சன்னிதியில நின்னுண்டு முடியாதுன்னு சொல்லலாமோ?" என்று பக்கத்து வீட்டு மாமா ஒருவர் அவருக்கு சிபாரிசு வேறு செய்தார். அதன் பிறகு பெருமாளைச் சேவிப்பதைக் காலை வேளைக்கு மாற்றிக்கொண்டேன்.

இந்த நெருக்கடியில்தான் நோட்டைக் கண்டுபிடித்தேன். ஆபீஸ் பீரோவில் அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று சும்மா கிடந்தது. அடுத்து வந்தவரிடம் "பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றேன். பெயர், ஊர், படிப்பு. அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். உட்காரவில்லை, அழவில்லை. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. முடியாது என்று சொல்ல அரைநாள் ஆகும். பெயர் எழுத அரை நிமிடம் போதும்.

இருபத்திரண்டு பேர் வரை இப்படிப் போயிற்று. இருபத்திமூன்றாவது ஆள் நோட்டை எட்டிப் பார்த்து, "எனக்கு என்ன நம்பர் சார்?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலும் ரேஷன் கடையிலும் நம்பர் கேட்டுப் பழகியவர். நான் ஓரத்தில் போட்டிருந்த வரிசை எண்ணைப் பார்த்து "இருபத்திமூணு" என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வினாடியில் என் நோட்டு வரிசையாகிவிட்டது. வரிசை என்றால் அது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் அல்லவா? அதை நான் யோசிக்கவில்லை. மானேஜர் வேறு என்னைக் கூப்பிட்டு, "கேட்ல கூட்டமே இல்ல, நல்லா சமாளிக்கிறீங்க" என்று பாராட்டினார்.

அதன் பிறகு நம்பர் வாங்காமல் ஒருவரும் நகரவில்லை. மில் வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை இவர்கள் கூடுவார்கள். ஒருவரையொருவர் நம்பரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொள்வார்கள். "முப்பத்தெட்டு டீ சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். ஒருவர் தனக்கு ஊரிலேயே வேலை கிடைத்துவிட்டதால் தன் நம்பரை மச்சானுக்கு மாற்றித் தரவேண்டும் என்று கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். நான் முறைப்படி அவர் பெயரை அடித்து, மேலே மச்சான் பெயரை எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். இல்லாத வேலைக்கு வாரிசு ஏற்பாடு செய்த ஆபீசர் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நாற்பத்தொன்று செல்லமுத்து. தொட்டியத்துக்காரன். எட்டாவது பாஸ். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயது இருக்கும். சித்திரை மாதம் வந்து எழுதிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு முதல் திங்கட்கிழமையும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவான். மற்றவர்கள் மாதிரி உட்கார்ந்து கதை சொல்ல மாட்டான். கதவருகே நின்றபடி ஒரே ஒரு கேள்வி கேட்பான்.

"நம்பர் நகருதா சார்?"

"நகருது" என்பேன்.

"சரிங்க சார். போயிட்டு வரேன்."

ஒருமுறை "இப்ப எத்தனாவது சார்?" என்று கேட்டான். நான் எதிரே தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி "பத்தொன்பது" என்றேன். அன்று தேதி பத்தொன்பதுகூட இல்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு நாள் காட்டூரிலிருந்து வீராசாமி என்று ஒருவர் வந்தார். வயது ஐம்பது இருக்கும். நெல் போடுகிறவர். வேலை கேட்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"என் பொண்ணை தொட்டியத்துப் பையனுக்குப் பேசியிருக்கோம் சார். செல்லமுத்துன்னு. தையில கல்யாணம். மில்லுல பத்தொன்பதாவது நம்பர்ல இருக்கேன், பொங்கலுக்குள்ள கூப்பிட்டுடுவாங்கன்னு சொல்றாரு. நெஜந்தானா?"

இந்த இடத்தில் நீங்கள் யாராவது இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்களோ தெரியாது. நான் பேனாவை மூடினேன். திறந்தேன். நம்பர் பொய் என்று சொன்னால் கல்யாணம் நிற்கும். உண்மை என்று சொன்னால் ஒரு பெண்ணை என் நோட்டை நம்பிக் கட்டிக்கொடுப்பார்கள். இரண்டும் பயமாக இருந்ததால் நடுவில் நழுவினேன்.

"பேர் எழுதியிருக்கு. கொஞ்சம் நாளாகும்" என்றேன்.

"எத்தனை நாளு?"

"அதை இப்ப சொல்ல முடியாதுங்க."

"பத்தொன்பதாவது நம்பரா?"

"நோட்டைப் பார்த்துத்தான் சொல்லணும்." நோட்டு என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

அவர் எழுந்து போனார். போகிற வழியில் கேட் வாட்ச்மேனிடம் விசாரித்திருக்கிறார். வாட்ச்மேன், "அந்த நோட்டுல இருந்து ஒருத்தன்கூட உள்ள போய் நான் பார்த்ததில்லீங்க" என்று சொல்லியிருக்கிறார். மில்லில் எனக்குத் தெரிந்து உண்மை பேசிய அதிகாரி அவர் ஒருவர்தான்.

அடுத்த வாரம், திங்கட்கிழமை இல்லாத ஒரு நாளில், செல்லமுத்து வந்து நின்றான். நம்பரைப் பற்றிக் கேட்கவில்லை.

"கல்யாணத்தை நிறுத்திட்டாங்க சார். நான் பொய் சொல்லிப் பொண்ணு கேட்டேன்னு சொல்றாங்க. பத்தொன்பதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அவர் வந்து கேட்டப்ப ஏன் சார் சொல்லலை?"

நான் அவனை உட்காரச் சொன்னேன். பிறகுதான் மற்ற விஷயம் வெளியே வந்தது. ஆவணி மாதமே அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்காரர் அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். இவன் "மில்லுல நம்பர் இருக்கு" என்று சொல்லி விட்டுவிட்டான். அந்த இடத்தில் இப்போது வேறு ஆள் இருக்கிறான்.

அவனை அங்கேயே உட்கார வைத்துவிட்டு மானேஜரிடம் போனேன். நடந்ததைச் சொல்லி, வழக்கத்தை மீறி இவனுக்கு மட்டும் ஒரு பதிலி இடம் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அது எப்படிங்க? அவனுக்கு முன்னாடி நாற்பது பேர் இருக்காங்களே" என்றார். கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் சொன்னார். என்னைத் தவிர எல்லாருமே அந்த நோட்டை நம்பியிருக்கிறார்கள்.

திரும்பி வந்து செல்லமுத்துவிடம், "வேலை என் கையில இல்லப்பா. நீ பொய் சொல்லலேன்னு வேணும்னா ஒரு லெட்டர் எழுதித் தரேன்" என்றேன்.

"வேலை கேட்டு வரலை சார்" என்றான். "லெட்டரும் வேணாம். உங்க எழுத்தை நம்பித்தான் இப்படி நிக்கிறேன். ஒருதடவை நேர்ல வந்து சொல்லுங்க. அது போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு காட்டூருக்குப் போனேன். தஞ்சாவூர் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்தில் செல்லமுத்து காத்திருந்தான். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டே போனேன். நிர்வாகத்தின் நடைமுறைச் சிக்கல்கள் காரணமாக என்று ஆரம்பிக்கலாம் என்று இருந்தேன்.

வீராசாமி நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். காபி வந்தது. செல்லமுத்துவை வாசல்படிக்கு இந்தப் பக்கம் வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே கதவோரம் அந்தப் பெண் நின்றிருந்தாள். அவள் பெயர் தனம் என்று வீராசாமி கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் நான் கோத்துவைத்த வாக்கியம் எல்லாம் அறுந்துவிட்டது.

"இவர் உங்ககிட்ட சொன்னது அத்தனையும் நான் சொன்னது" என்றேன். "நாற்பத்தொண்ணுன்னு எழுதினதும் நான். பத்தொன்பதுன்னு சொன்னதும் நான். இவர் பொய் சொல்லலை. நான்தான் சொன்னேன்."

"அந்த நோட்டைக் குடுங்க" என்றார் வீராசாமி. வாங்கி மகளிடம் நீட்டினார். "தனம், படி."

அவள் பக்கங்களைப் புரட்டினாள். "நாப்பத்தொண்ணு, செல்லமுத்து, தொட்டியம், எட்டாவது பாஸ்" என்று படித்தாள். அத்துடன் நிறுத்தவில்லை. முதல் பக்கத்துக்குப் போய், ஒன்றாம் நம்பரிலிருந்து விரலை வைத்துக்கொண்டு கீழே வந்தாள். பிறகு அப்பாவிடம், "ஒருத்தருக்கும் வேலை குடுத்த மாதிரி தெரியலைப்பா. கடைசிவரைக்கும் பேருதான் இருக்கு" என்றாள்.

"எத்தனை பேரு?"

"நூத்திப் பதினேழு."

வீராசாமி என் பக்கம் திரும்பினார். கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டார்.

"வேலை இல்லேன்னு மொத நாளே தெரியுமா சார்?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு எழுதினீங்க?"

"முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரலைங்க."

அவர் காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "எனக்கும் இப்ப மனசு வரலை" என்றார். எழுந்து வாசல்படி வரை போய், செல்லமுத்துவுக்கு நேரே நின்றார்.

"தம்பி, நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் நாலு பேர்கிட்ட சொன்னது தப்பு. அந்த நாலு பேர்கிட்டயும் போய் இல்லேன்னு சொல்லிடறேன். ஆனா பொண்ணு குடுக்க முடியாது. கைக்கு வந்த வேலையை விட்டுட்டு ஒரு நோட்டை நம்பி உக்காந்துட்டீங்க. நாளைக்கு வேற ஒருத்தர் வேற ஒரு நோட்டைக் காட்டுவாரு. எம் பொண்ணு உங்ககூட சேர்ந்து உக்காந்திருக்க வேண்டாம். யோசிச்சு சொல்றேன், பாக்கலாம்னு எல்லாம் நான் சொல்லலை. இத்தோட முடிஞ்சுது. நீங்க வேற இடம் பாருங்க."

செல்லமுத்துவின் முகம் கறுத்துவிட்டது. நிலையிலிருந்து கையை எடுத்தான். "சரிங்க மாமா" என்றான். பிறகு "சரிங்க" என்று மட்டும் இன்னொரு தடவை சொன்னான். தனம் நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். அவள் அழுதாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிச்சல் இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். அந்த மனிதர் பேசியது ஒரு நிமிடம்கூட இருக்காது. எட்டு மாதமாக மேஜை, நாற்காலி, பேனா எல்லாம் வைத்துக்கொண்டு நான் செய்யாத வேலையை அவர் வாசல்படியில் நின்று செய்து முடித்தார். எதிரே போய் நின்றார். தன் தப்பை முதலில் ஒப்புக்கொண்டார். முடியாது என்றார். ஏன் என்றார். இனி இங்கே காத்திருக்காதே என்றார். அவருக்கும் அந்தப் பையனைப் பிடித்துத்தான் இருந்தது, அது பேச்சிலேயே தெரிந்தது. அவர் முடிவு சரியா என்று என்னைக் கேட்டால், சரியில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். நம்பினது அவன் குற்றமில்லை. ஆனால் அதைச் சொல்ல அந்த வீட்டில் யோக்கியதை இல்லாத ஒரே ஆள் நான்தான். எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் பிறகு என் அறைக்கு வந்த எவருக்கும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் பதில் சொல்லிவிட்டேன். திட்டினார்கள். ஒருவர் என் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் ஒருவரும் காத்திருக்கவில்லை.

பஸ் நிற்கும் இடம் வரை செல்லமுத்து என்னுடன் நடந்து வந்தான். வர வேண்டாம் என்று சொன்னேன், கேட்கவில்லை. பையை நான் சுமக்கக்கூடாது என்று வாங்கிக்கொண்டான். தன் எட்டு மாதத்தை அவனே சுமந்துகொண்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஏதாவது பேச வேண்டும் என்று, "அரியமங்கலம் பட்டறைக்காரரை நான் வேணும்னா பார்த்துப் பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சார். நானே போய்க் கேக்கறேன். இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுவாரு, அவரு அப்படித்தான்" என்றான்.

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. அவன் பையை என்னிடம் கொடுத்தான். கொடுத்துவிட்டும் கையை எடுக்கவில்லை.

"வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம் சார். அவரு என்னைப் பொய்யன்னு நெனைக்கலை, அது போதும்" என்றான். பிறகு பைக்குள் இருந்த நோட்டைக் காட்டினான். "இதுல நாப்பத்திரெண்டு எங்க ஊரு ஆளு சார். நான் சொல்லித்தான் உங்ககிட்ட வந்து எழுதிக்கிட்டான். அவனுக்கு நானே சொல்லிடறேன். மத்தவங்களுக்கு நீங்க போய்ச் சொல்லிடுங்க."

மீதி நூற்றுப் பதினைந்து பேர் இருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முசிறிக்கு பஸ் ஏறி, ஒன்றாம் நம்பர் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன்.